பூந்திக்கொட்டைத் தண்ணீர்

ரமா கடைசியாகப் புரியும்படி பேசிய வார்த்தை கறிவேப்பிலையைப் பற்றியது. "கறிவேப்பிலைக்குத் தண்ணி விட்டேளா?" என்று கேட்டாள். "விட்டேன்" என்றார் யக்ஞநாராயணன். அது பொய். அதற்கு முந்தின நாள் சொன்னதும் பொய்தான், முந்தின வாரம் சொன்னதும் பொய்தான். மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவே கதியென்று கிடந்தார். முடிச்சூர் வீட்டுக்கு எப்போதாவது வந்தது குளித்து வேஷ்டி மாற்றிக்கொள்ள மட்டும்தான். மொட்டை மாடிக்கு ஏறவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வெளியே சித்திரை வெயில் தகரத்தைக் கூட உருக்கிக்கொண்டிருந்தது.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் பிறத்தியார் சொன்ன பொய்யைப் பிடித்துக் கொடுத்து சம்பளம் வாங்கியவர் அவர். ஒரு கமா தப்பாக இருந்தாலும் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவர் சொந்தப் பெண்டாட்டியிடம் கூசாமல் "விட்டேன்" என்று சொன்னார். அவள் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, மகள் ஸஹானாவும் விமானம் ஏறிய பிறகுதான் அவர் மாடிக்குப் போனார். போயிருக்கவே வேண்டாம். வரிசையாக ரமா வைத்திருந்த பைகளில் கத்தரி, வெண்டை, துளசி எல்லாம் குச்சியாக நின்றன. துளசியைப் பார்த்ததும் வாய்விட்டு "ஐயோ" என்றார். மூலையில் பெரிய பையில் இருந்த கறிவேப்பிலை ஆள் உயரம். அதிலும் ஓர் இலை இல்லை. ரமா செய்வதைப் பார்த்திருந்ததால் நகத்தால் தண்டைக் கொஞ்சம் கீறிப் பார்த்தார். உள்ளே மெல்லிசாய்ப் பச்சை தெரிந்தது.

அந்தப் பச்சையைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். இதை மட்டும் பிழைக்க வைத்துவிட்டால் தான் சொன்னது பாதியாவது மெய்யாகும் என்று அவருக்குத் தோன்றியது. இப்படி ஒரு கணக்கை வேறு யாராவது போட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். தண்ணீர் மேலே ஒரு நொடி முத்து முத்தாக நின்றது, பிறகு பையின் ஓரமாக இறங்கி அடி ஓட்டை வழியே வெளியே ஓடியது. முழு வாளி ஊற்றியபின் பையைத் தூக்கிப் பார்த்தால் அப்பளக் கூடை போல லேசாக இருந்தது. விரலை விட்டால் உள்ளே பொடியாய், சூடாய், ஈரமே இல்லை. ஓடிய தண்ணீர் மாடிச் சரிவில் போய் மூலைக் குழாயில் விழுந்து, கொல்லைப்புறத் தொட்டியில் சொளசொளவென்று இறங்கியது. போகட்டும், மீனுக்காவது தண்ணீர் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

மீன் என்றால் ஜெயக்கொடியின் மீன். ஜெயக்கொடி வீட்டுக்காரம்மா. கீழே அவள் இருக்கிறாள், மேலே இவர்கள் வாடகைக்கு. முடிச்சூர் வயல்களாக இருந்த காலத்திலிருந்து இருக்கும் குடும்பம். வயலெல்லாம் மனையானபோதும் அவள் புருஷன் ஜெயவேலு இரண்டு மாட்டை மட்டும் விடவில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தன்று கொட்டகையில் கட்டியிருந்த அந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போனார். மாடுகள் நீந்தி வீட்டுக்கு வந்துவிட்டன. அவர் வரவில்லை. தண்ணீர் வடிந்து, வீட்டுக்குள் சேற்றை வாரும்போது ஆட்டுக்கல் குழியில் விரல் நீளத்துக்கு ஒரு விரால் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி அதை எடுத்து மாட்டின் கழுநீர்த் தொட்டியில் விட்டாள். மாடுகளை விற்றாள். மீன் இருந்தது. "அவரு போனாரு, இது வந்துச்சு" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இத்தனை வருஷத்தில் அது முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. தினமும் சாயங்காலம் தொட்டி விளிம்பில் வளையலால் தட்டுவாள். அது மேலே வந்து வாயைத் திறக்கும். மழைத்தண்ணீர்தான் அதன் உடம்புக்கு ஆகும் என்று மாடிக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பிவைத்தவளும் அவளே. ரமா இதையெல்லாம் பின்பக்க ஜன்னலில் நின்று பார்த்து, "அவாளும் பேசிக்கறா, நாமதான் பேசறதில்லை" என்று இவரைக் கிண்டல் செய்வாள்.

தண்ணீரோடு இவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் ஜெயக்கொடி படியேறி வந்தாள். மூட்டுவலிக்காரி. பாதிப் படியிலேயே நின்று கூப்பிட்டாள்.

"சார், எம் பொண்ணு கீதாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன். பொத்தேரி ஆஸ்பத்திரிக்குப் போறேன். கொஞ்ச நாள் ஆவும் வர்றதுக்கு."

"போய்ட்டு வாங்கம்மா. வீட்டை நான் பாத்துக்கறேன்."

"வூட்டுக்கு இன்னா, பூட்டு கீது. மீனுக்குத்தான்." தயங்கினாள். "நீங்க கறி கிறி ஒண்ணும் தொட வேணாம். பாக்கெட்ல தீனி வாங்கி வெச்சிக்கீறேன். ஒரு கை தூவுனா போதும். வேற யார்கிட்டயும் சொல்றதுக்கு எனக்கு மன்சு வர்ல."

மீன் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போகிறவரிடம் இது. ஆனால் ரமா காரியத்துக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் கொல்லையில் நின்று பந்தல் போட்டுத் தந்தவள் ஜெயக்கொடி. "கவலையே படாதீங்கோ" என்றார்.

சொன்னபடி செய்தார். சாயங்காலம் ஒரு சாவியை எடுத்துத் தொட்டியில் தட்டுவார். கரிய உருவம் ஒன்று அடியிலிருந்து கிளம்பி மேலே வரும். இவர் முகத்தைப் பார்க்கும். உடனே புரண்டு அடிக்குப் போய்விடும். இவர் போன பிறகுதான் தீனியைத் தின்னும். ஆள் தெரிகிறது அதுக்கு, என்று அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம், கொஞ்சம் அவமானம்.

கறிவேப்பிலைதான் வழிக்கு வரவில்லை. கீறின இடத்தில் பச்சை மங்கிக்கொண்டே வந்தது. வண்டலூர் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் சாலமனிடம் போய் நின்றார். ரமா அங்கேதான் எல்லாம் வாங்குவாள்.

"வெறும் கோகோபீட்டா சார் பையில?"

"முக்காலும் அந்தத் தேங்காய் நார்த்தூள்தான். மண்ணு வெச்சா வெயிட்டு, மாடி ஒழுகும்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டா."

"அது ஒரு தடவ காஞ்சிட்ச்சின்னா தண்ணிய சேத்துக்காது சார். ஓரமா வழிஞ்சி ஓடிடும். நீங்க கார்ப்பரேசன் லாரியே ஊத்துனாலும் உள்ள போவாது." சாலமன் கையைத் துடைத்துக்கொண்டான். "சில பேரு ஷாம்பூ போடுவாங்க. வேருக்கு ஆவாது. வூட்ல பூந்திக்கொட்டை இருக்குதா?"

"இருக்கும். ரமா பட்டுப்புடவை அதுலதான் அலசுவா."

"அதான். ஒரு கைப்பிடி ஊறவெச்சி, கசக்கி, நொரைய தண்ணில கலந்து கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. தண்ணிய உள்ள இட்டுகினு போவும். சோத்துக்கத்தாழையும் போடலாம். ஆனா பூந்திதான் கில்லாடி."

சமையலறை மேல் தட்டில் டப்பா இருந்தது. ரமாவின் கையெழுத்தில் பெயர்கூட ஒட்டவில்லை, அவளுக்குத் தெரியாதா எது எதென்று. மூடியைத் திறந்ததும் வந்த புளிப்பு வாசனையில் தீபாவளி மறுநாள் அவள் கொல்லையில் புடவை அலசிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் டப்பாவை மூக்குக்கு அருகிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சாலமன் ஒரு கைப்பிடி என்றான். யக்ஞநாராயணன் டப்பாவையே கவிழ்த்தார். மருந்துதானே, கெடுதலா என்ன, கொட்டையிலிருந்து வருவது, குழந்தைக்குத் தலை தேய்க்கிறோம், நகைக்குப் போடுகிறோம். ஒரு கையில் ஆகிற காரியம் ஒரு டப்பாவில் இன்னும் நன்றாக ஆகும் என்று படித்த மனிதர் முடிவு செய்தார். விதையை நீக்கித் தோலைத் தட்டி வெந்நீர் அடுக்கில் போட்டுக் கொதிக்கவிட்டார். நுரை பொங்கி அடுப்பை அணைத்தது. துடைத்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஆறியதும் கலங்கிய பழுப்பு நீரை மாடிக்குச் சுமந்து வாளித் தண்ணீரில் கலந்தார்.

முதல் சொம்பை ஊற்றியபோதே வித்தியாசம் தெரிந்தது. தண்ணீர் மேலே நிற்கவில்லை. பரவி, இருண்டு, உள்ளே போயிற்று. இரண்டாவது சொம்பும் போயிற்று. அவருக்கு வெறி பிடித்தது. கறிவேப்பிலைக்கு ஆன பிறகும் நிறுத்தவில்லை. துளசிக்கு ஊற்றினார், கத்தரிக்கு ஊற்றினார், செத்துப்போனது என்று தெரிந்த பைக்கெல்லாம் ஊற்றினார். எது பிழைக்கும் என்று யார் கண்டது. மாடி முழுக்க வெள்ளை நுரை. அதை அப்படியே விட்டால் வழுக்கும் என்று இன்னும் நாலு வாளி ஊற்றி, துடைப்பத்தால் மூலைக் குழாயை நோக்கித் தள்ளினார். வியர்வையோடு கீழே வந்தபோது ரமா போன பிறகு முதல் முறையாகப் பசித்தது.

காலையில் எழுந்ததும் மாடிக்கு ஓடினார். பையை இரண்டு கையாலும் பற்றித் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு முறை முயன்றார். கனம், நிஜமான கனம், தண்ணீர் குடித்த கனம். விரலை உள்ளே விட்டார். குளிர்ந்து, ஈரமாய் ஒட்டியது. "ரமா, பார்" என்று சத்தமாகவே சொன்னார். கேட்க யாரும் இல்லாததால் வெட்கப்படவில்லை.

அதே சந்தோஷத்தில் இன்றைக்குக் காலையிலேயே மீனுக்கும் போடுவோம் என்று தீனிப் பொட்டலத்தோடு கொல்லைக்குப் போனார். சாவியால் தட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மீன் ஏற்கனவே மேலே இருந்தது. வெளிறிய வயிற்றைக் காட்டிக்கொண்டு, நுரை ஒட்டிய சுவரோடு சாய்ந்து கிடந்தது. கோடையில் வற்றிய தொட்டியில், இத்தனை வாளி இறங்கியும், பாதித் தண்ணீர்தான் இருந்தது. குழாய் வாயிலிருந்து இன்னும் ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு, பழுப்பாக விழுந்துகொண்டிருந்தது.

அவர் முதலில் தொட்டியைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து மாடியைப் பார்த்தார். ஆபீஸில் எத்தனையோ விபத்துக் கேஸ்களை இப்படித்தான் பின்னாலிருந்து முன்னால் கோத்துப் பார்த்திருக்கிறார். இதைக் கோக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையிலிருந்த பொட்டலம் விழுந்து தீனி சிதறியது.

சாலமனுக்குப் போன் போட்டு, பொதுவாகக் கேட்பதுபோல, "இந்தப் பூந்தித் தண்ணி மீனுக்கு ஒண்ணும் பண்ணாதே?" என்றார்.

"ஐயையோ, ஆவவே ஆவாது சார். செவுள அரிச்சிடும். அதெல்லாம் எட்ட வெக்கணும்." பிறகு சாலமன் சிரித்தான். "உங்க வூட்ல ஏது சார் மீனு?"

இவர் போனை வைத்துவிட்டார்.

எடுத்துப் போட வேண்டுமே. தொட்டியிலிருந்து அதை முறத்தால் வாரினார். அது நழுவித் தரையில் விழுந்தது. கடைசியில் கையாலேயே எடுக்க வேண்டியிருந்தது. குளிர்ந்து வழவழவென்று, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. குப்பை வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு தெருவில் போனான். கொடுக்க மனம் வரவில்லை. புதைக்கலாம் என்றால் காம்பவுண்டு முழுக்க டைல்ஸ். மாடு கட்டிய வீட்டில் கைப்பிடி மண் இல்லை. துண்டில் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். செத்த செடிகள் நின்ற பைகளில் போட ஏனோ முடியவில்லை. உயிரோடு இருந்தது ஒன்றுதான். கறிவேப்பிலையின் ஓரத்தைத் தோண்டி, வேரை ஒதுக்கி, ஆழமாக வைத்து மூடினார். பிறகு கீழே வந்து தலைக்குக் குளித்தார். தீட்டுக் குளியல்தான். இந்த வருஷத்தில் இரண்டாவது.

இங்கேயே அவர் ஜெயக்கொடிக்குப் போன் செய்திருக்கலாம். எண் இருந்தது. கை போகவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இதைச் சொல்லலாமா என்று ஒரு சாக்கு கிடைத்தது. நல்ல சாக்குதான். சாக்குகளில் அவர் பழுத்தவர்.

தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினார். புதுத் தண்ணீர் நிரப்பினார். குழாய் வாயைத் துணியால் அடைத்தார். பிறகு நெற்றியில் விபூதியோடு, கையில் ஒரு பெயின்ட் வாளியோடு, வண்டலூர் ரோட்டில் ஏரி மீன் விற்கும் காமுவின் முன்னால் போய் நின்றார்.

"உயிரோட விரால் இருக்கா?"

காமு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கீது. வெட்டித் தரட்டா?"

"வேண்டாம். வெட்டாதீங்கோ. பெரிசா வேணும். இந்த அளவு." முழங்கையைக் காட்டினார்.

"கொயம்பு வெக்கவா, வறுக்கவா?"

"ரெண்டும் இல்லை."

"மருந்துக்கு வாங்கறாரு போல" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள் காமு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காலனியில் தினமும் இவரோடு நடக்கும் ராஜாராமன் ஸ்கூட்டரை நிறுத்தி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மறுநாள் நடைக்கு அவர் கூப்பிட வரவில்லை. மனிதர் வரவர ஒரு மாதிரி ஆகிவிட்டார், பாவம், பெண்டாட்டி போன துக்கம் என்று காலனியில் பேச்சு.

புது மீன் தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. தட்டினால் வராது. இரு, பழகிக்கொள்வாய் என்றார் அதனிடம்.

மாடியில் கறிவேப்பிலை துளிர்த்தது. கணுவுக்குக் கணு செம்பச்சையாய், பிறகு இளம்பச்சையாய். ஒரு துளிரைக் கிள்ளி முகர்ந்தார். ரமாவின் ரசம் மணத்தது. அவருக்கு அழுகை வந்தது. அதில் பாதி எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

ஜெயக்கொடி ஒரு சாயங்காலம் வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே கொல்லைக்குப் போய் வளையலால் தட்டினாள். இவர் பின்பக்க ஜன்னலில், திரைக்குப் பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் கண்ணில் புரை. விரால்களோ ஒன்றைப்போல் ஒன்று. அவளுக்குத் தெரியப்போவதில்லை. தெரியவும் இல்லை. ஆனால் மீன் மேலே வரவில்லை.

மறுபடி தட்டினாள். கையில் கோழி ஈரல் வைத்துக்கொண்டு குனிந்தாள். அது அடியிலேயே வெட்டித் திரும்பிற்று.

"கோவமா?" என்றாள் ஜெயக்கொடி. "சொல்லாம போய்ட்டேன்னு கோவமா? கீதாவுக்கு ஒடம்பு சரியில்ல. அதான் போனேன். வா."

மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும். வளையல் சத்தம் கேட்டதும் இவர் எழுந்து வேறு அறைக்குப் போவார், ஆனால் வீடு சின்னது. "அவரும் இப்டித்தான், மூஞ்சிய தூக்கி வெச்சிக்குவாரு. ரெண்டு நாள்ல சரியாய்டுவாரு. நீ இன்னா இத்தினி நாளா முறுக்கிகினு கீற?" என்பாள். ஒரு நாள் குரல் உடைந்துவிட்டது. "நான் இன்னா பண்ணேன் உனக்கு. சொல்லித் தொலையேன்."

ஒரு வாரம் கழித்து, பாதிப் படியில் நின்று கூப்பிட்டாள். ஆள் இளைத்திருந்தாள்.

"நான் இல்லாதப்ப எதுனா ஆச்சா சார்? பூனை கீனை வந்துச்சா? பயந்துகினு கீது போல."

"இல்லையே. ஒண்ணும் ஆகலை. நன்னா சாப்டுண்டுதான் இருந்தது."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவர் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் "விட்டேன்" என்று சொன்ன அதே குரல். நிதானமான, ஆறுதலான, நம்பும்படியான குரல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "ஏரில விட்டுட்லாம் சார். அதுக்கு இங்க இருக்க இஷ்டம் இல்ல. நீங்க கூட வர்றீங்களா? என்னால தூக்க முடியாது."

ஆட்டோவில் பீர்க்கன்கரணை ஏரிக்குப் போனார்கள். அதே பெயின்ட் வாளி இருவர் காலுக்கும் நடுவில். வழி நெடுக ஜெயக்கொடி வாளிக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டே வந்தாள். வானம் மூடி, வெளிச்சமில்லாத சாயங்காலம். கரைக்கு அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் இரைந்தன. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

"போ" என்றாள் வாளியைப் பார்த்து. "அவரையே புடிச்சி வெக்க முடியல. உன்னிய எப்டி."

வாளியைச் சாய்த்தார். மீன் ஒரே வெட்டாக வெட்டிக்கொண்டு ஆகாயத்தாமரைக்குள் போய் மறைந்தது. திரும்பிப் பார்க்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கரையில் ஏறி, மண்ணென்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தினி வர்சம் சார். ஒரு தடவ கூட திரும்பல பாருங்க. அப்டி இன்னா மறதி."

யக்ஞநாராயணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அது உங்க மீன் இல்லம்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"உங்க மீன் செத்துப் போச்சு. நீங்க பொத்தேரில இருந்தப்பவே. நான்தான் காரணம். மாடில செடிக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணி விட்டேன். நிறைய விட்டுட்டேன். அது குழாய் வழியா தொட்டிக்கு வந்துடுத்து. இது நான் ரோட்டுல வாங்கிண்டு வந்து விட்டது."

திட்டுவாள் என்று நின்றார். மண்ணை வாரி இறைப்பாள் என்று நின்றார். அவள் தண்ணீரையே பார்த்தாள்.

"அப்ப அது என்னிய மறக்கலியா?" என்றாள்.

"இல்லம்மா. தினம் தட்டினா மேல வரும். என் மூஞ்சியப் பாக்கும். நீங்க இல்லைன்னு தெரிஞ்சதும் உள்ள போயிடும். கடைசி வரைக்கும் அப்படித்தான்." இது மெய். சொல்வதற்கு அவரிடம் இருந்த ஒரே மெய் அதுதான்.

ஜெயக்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு குரல் மாறியிருந்தது.

"நான் தெனம் அதுகிட்ட கெஞ்சினேனே சார். நீங்க மேலேர்ந்து கேட்டுகினுதான இருந்தீங்க?"

"கேட்டேன்."

"கேட்டுகினு சும்மா இருந்தீங்க."

"இருந்தேன்."

அவள் தலையாட்டிக்கொண்டாள். "எங்க போட்டீங்க அத? குப்ப வண்டிலயா?"

"ஐயோ இல்லம்மா. மாடில. கறிவேப்பிலைப் பையில புதைச்சிருக்கேன்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் காலி வாளி உருண்டு உருண்டு அவர் காலில் இடித்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே மாடிப்படியில் கால் வைத்தாள். ஒவ்வொரு படிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, முழுவதும் ஏறினாள். பையின் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். இளந்துளிர் அவள் தலையில் உரசியது. மாடியில் அந்த ஒன்றுதான் பச்சை.

"இத நான் கீழ எடுத்துகினு போறேன் சார்."

அவர் எதிர்பார்க்காத வார்த்தை அல்ல அது. ஏரிக்கரையில் வாயைத் திறக்கும்போதே எங்கோ தெரிந்திருந்தது. ஆனாலும் கெஞ்சுவதுபோல வந்தது: "அது ரமா வெச்சதும்மா."

"தெரியும் சார். தெனம் பாத்துகினு இருந்தவதான நான். அதுக்கு நான் இன்னா பண்றது. நீங்கதான அத இங்க வெச்சீங்க."

இரண்டு பேரும் சேர்ந்துதான் இறக்கினார்கள். அவர் மேல் படியில், அவள் கீழ்ப் படியில். பை அவ்வளவு கனத்தது. வெறும் பொடியாக இருந்தபோது ஒற்றைக் கையால் தூக்கியிருக்கலாம். அவர் குடிக்கவைத்த தண்ணீர் எல்லாம் அதற்குள் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவள் நன்றி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. சொல்வாள் என்று அவர் நிற்கவும் இல்லை.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மூலையில் பை இருந்த இடம் வட்டமாக ஈரம் பாய்ந்து கறுத்திருந்தது. வாளியை வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தார். கீழே ஜெயக்கொடி சொம்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மீனுடன் பேசியதுபோல எதையோ பேசிக்கொண்டுமிருந்தாள். நிழல் விழுந்ததாலோ என்னவோ, அவர் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தண்ணி நல்லா இழுக்குது சார்" என்றாள், நிமிராமலே.

அவர் தலையாட்டினார். நிமிராத அவளுக்கு அது தெரிந்திருக்காது. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. வாளியில் கொண்டுவந்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதைத் திரும்பக் கீழே எடுத்துக்கொண்டு போனார்.